நிலைக்கு வந்த பின்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளிய பெருந்தேர் ரத வீதிகள் நான்கையும் வலம்வந்து தேரடியை அடைந்தவுடன், வடம் பிடித்த ஜனங்கள் வடத்தைக் கீழே போட்டுவிட்டு, பால்கோவாப் பொட்டலத்தோடு பஸ் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தேர் நிலைக்கு வந்தது என்று மறுநாள் பத்திரிகைகளில் ஒரு வரி அச்சாகிறது. உலகத்தாரைப் பொறுத்தமட்டில் தேரின் சரித்திரம் அடுத்த ஆடி வரைக்கும் அந்த வரியோடு முடிந்துவிடுகிறது. தச்சுக் குடும்பத்தில் பிறந்து, தகப்பனாரின் பின்னால் உளிப்பையைத் தூக்கிக்கொண்டு பல ஊர்த் தேர்களுக்குக் கீழே தவழ்ந்து வளர்ந்த என் போன்றவர்களுக்கோ அந்த வரியிலிருந்துதான் வேலை ஆரம்பமாகிறது. ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ஒரு பொருள் ஓடுகிறபோது கெடுவது சொற்பம். நிற்கிறபோது கெடுவதே அதிகம் என்பது என் தொழில் எனக்குக் கற்பித்த பாடம். மழை, வெயில், கரையான், எலி, நெருப்பு, திருடன் ஆகிய ஆறு பேரும் ஓடுகிற தேரை அணுக மாட்டார்கள். நிற்கிற தேரைத்தான் தேடி வருவார்கள்.

தேர் நிலைக்கு வந்ததும் முதலில் மேலே கட்டிய அலங்காரம் இறங்க வேண்டும். தேர்ச்சீலைகள், தொம்பைகள், மூங்கில் சட்டங்கள், முன்னால் பாய்கிற மரக்குதிரைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டுக் கோயிலுக்குள் போய்விடும். கலசம் போன்ற உலோகப் பொருள்கள் ஜாபிதாவில் பதியப்பட்டு, கையெழுத்தின் பேரில் ஒப்படைக்கப்படும். வெயிலிலும் மழையிலும் எஞ்சி நிற்பது சிற்பங்கள் செறிந்த அடிப்பாகமும் அச்சும் சக்கரங்களுமே. அதைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்ள எந்த மன்னனாலும் முடியாது. ஆகவே அது தெருவில்தான் வாசம் செய்தாக வேண்டும்.

அந்த வாசத்துக்கு முதல் நிபந்தனை, பாரம் சக்கரத்தின்மீது நில்லாமல் கட்டையின்மீது நிற்பதாகும். வண்டி நின்றுவிட்டது, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்தாயிற்று, இனி என்ன என்று கேட்பவர்கள் உண்டு. முட்டுக்கட்டை உருளாமல் தடுக்குமேயன்றி, பாரத்தை வாங்கிக்கொள்ளாது. ஒரே அச்சு, ஒரே புள்ளியில், மாதக்கணக்காக அத்தனை டன்னையும் சுமந்துகொண்டிருந்தால், மரமாயின் தொய்யும். இரும்பாயின் அதன் உருளைகள் தங்கியிருக்கும் இடத்தில் மசகு வற்றித் துருவேறும். எனவே ஜாக்கி கொடுத்து அடிப்பாகத்தைச் சற்றே தூக்கி, நான்கு மூலைகளிலும் கட்டை அடுக்கி, சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி செய்வது என் தகப்பனார் காலத்து வழக்கம். திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தார் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் தடைக்கருவியும் செய்து கொடுக்கத் தொடங்கிய பிறகு, இனி ஆசாரிக்கு வேலையில்லை என்று ஆனந்தப்பட்டவர்கள் சிலர் உண்டு. இரும்பு வந்ததனால் கரையான் ஒன்றுதான் குறைந்தது, அதுவும் சக்கரத்தளவில்.

இரண்டாவது நிபந்தனை நிலத்தைப் பற்றியது. எங்கள் ஜில்லாவில் மலையடிவாரத்தில் செம்மண்ணும், கிழக்கே போகப் போகக் கரிசலும் என்று பூமி நிறம் மாறிக்கொண்டே போகும். கரிசலின் சுபாவம் விபரீதமானது. சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அந்த மண், ஐப்பசி மழை விழுந்ததும் நீரைக் குடித்து உப்பி, வெடிப்பையெல்லாம் மூடிக்கொண்டு மேலெழும்பும். தைக்குப் பிறகு மறுபடியும் சுருங்கும். அதன்மேல் கல் பாவாமல் நிறுத்திய எந்தப் பாரமும் ஒரு வருஷத்துக்குள் ஒரு பக்கம் சாயாமல் இராது. ரத வீதி கெட்டித் தளமாகையால் பெருந்தேருக்கு இந்தக் கஷ்டமில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில், கரிசலில் நின்ற சிறு தேர்கள் அச்சு முறுக்கிக்கொண்டு, இழுக்கிற நாளில் ஒரே பக்கமாகத் திரும்பி ஊரையே திணற அடித்ததை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, மூடுவது. தகரத்தால் நாற்புறமும் இறுக அடைத்துவிட்டால் தேர் பத்திரம் என்பது பொதுஜன அபிப்பிராயம். மார்கழி விடியலில் அத்தகைய கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். பகலெல்லாம் சூடேறிய காற்று இரவில் குளிர்ந்து, தகரத்தின் உட்புறத்தில் முத்து முத்தாக வியர்த்து, சொட்டுச் சொட்டாகச் சிற்பங்களின்மேல் விழுந்துகொண்டிருக்கும். மழையைத் தடுக்கப் போட்ட கூரையே மழை பெய்யும். ஆகையால் கூரைக்கும் பொருளுக்கும் நடுவே காற்றோட வழியும், அடியில் ஒரு முழமாவது திறப்பும் இருக்க வேண்டும். இதனை நான் அதிகாரிகளிடம் சொன்னபோதெல்லாம், திறப்பு வைத்தால் நாய் நுழையுமே என்று பதில் வந்தது. நாய் நுழைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. காற்று நுழையாவிட்டால் மரம் கெட்டுவிடும்.

நெருப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திர தேசத்தில் அந்தர்வேதி லக்ஷ்மி நரசிம்மர் கோயிலின் தேக்குத் தேர், சுமார் 40 அடி உயரமுள்ளது, 2020 செப்டம்பரில் ஓர் இரவு கொட்டகைக்குள் நின்றபடியே எரிந்து சாம்பலாயிற்று. ஓடியபோது அதற்கு நேராத ஆபத்து நின்றபோது நேர்ந்தது.

இவ்வளவையும் முன்னுரையாகச் சொல்வதற்குக் காரணம், தேரைத் தவிர வேறொரு வாகனத்தையும் ஒரு பருவம் முழுவதும் நிறுத்திக் காக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்ததுதான். அது ஒரு படகு. கடற்கரையிலிருந்து வெகு தூரத்தில், பஞ்சுக்கும் மில்லுக்கும் பேர்பெற்ற இராஜபாளையத்தில், ஒரு படகைக் காத்த ஆசாரி என்று என்னை இன்றைக்கும் சிலர் பரிகாசம் செய்வதுண்டு.

கொல்லத்திலிருந்து புறப்படும் நெடுஞ்சாலை, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டித் தென்காசி, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திருமங்கலத்தில் மதுரைச் சாலையோடு சேருகிறது. வடக்கே ஓர் ஏரிக்கரையில் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒருவர், கொல்லத்தில் ஃபைபர் படகு ஒன்றைச் செய்வித்து, இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பின் பின்னால் மாட்டி இவ்வழியே அனுப்பினார். படகு இராஜபாளையத்தை அடைந்த சமயத்தில், ஏரியில் படகு விடுவதற்கான அநுமதி வர மேலும் சில மாதங்கள் ஆகும் என்று செய்தி வந்தது. திரும்பக் கொல்லத்துக்குக் கொண்டுபோகவும் மனமில்லை. மேலே கொண்டுபோகவும் வழியில்லை. அவருக்குத் தெரிந்த பஞ்சு வியாபாரி ஒருவரின் கிட்டங்கி வளாகத்தில் விட்டுவைப்பதென்று தீர்மானமாயிற்று. அக்கிட்டங்கிக்குக் கதவும் ஜன்னலும் செய்து கொடுத்தவன் என்ற முறையில் வியாபாரி எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் போனபோது, ஜீப்பை ஓட்டிவந்த மலையாள டிரைவர் படகைக் கிட்டங்கியின் பின்புறம், மதிலோரத்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

“ஆசாரியே, இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். பத்திரமான இடம்” என்றார்.

“யாரும் பார்க்காத இடம் யாருக்குப் பத்திரம், தம்பி?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார், வியாபாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒளித்து வைத்தால் திருடு போகாது என்பது வீட்டு நகைக்குச் சரியான நியாயம். மனிதனைவிடப் பெரிய பொருளுக்கு அது பொருந்தாது. பதினெட்டடிப் படகை எங்கே ஒளிப்பது? வந்த அன்றே தெருப் பையன்கள் அனைவருக்கும் அது தெரிந்துவிட்டது. பின்புறத்தில் கிடந்தால், வருகிறவன் நிதானமாக உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றலாம். ஆண்டாளின் தேர் தெரு நடுவே நிற்கிறது. எதிர்க்கடைக்காரர் கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அதன்மேல்தான் விழிக்கிறார். நள்ளிரவில் யாராவது அதன்மேல் கை வைத்தால் நாலு ஜன்னல்கள் திறக்கும். பூட்டு கொடுக்காத காவலை ஊரார் கண் கொடுத்துவிடுகிறது. ஆகவே படகையும் வாசலருகே, லாரிகள் நின்று எடைபோடும் மேடைக்கு எதிரில், இரவெல்லாம் விளக்கெரியும் இடத்தில் நிறுத்த வேண்டுமென்று பிடிவாதம் செய்தேன். லாரி திரும்ப இடைஞ்சல் என்றார் வியாபாரி. அரை நாள் வாதத்துக்குப் பிறகு, வடமேற்கு மூலையில் ஓர் இடம் கிடைத்தது. அங்கே தரை கரிசல்.

கருங்கல் பலகைகள் நாலைக் கொண்டுவந்து, மண்ணைச் சற்றுத் தோண்டி ஜல்லி நிரப்பி, அவற்றைப் பதித்தேன். டிரெய்லரின் சட்டத்துக்குக் கீழே அக்கற்களின்மேல் பனங்கட்டைகளை அடுக்கி, ஜாக்கியால் தூக்கி இறக்கியபோது, டயர் இரண்டும் தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே நின்றன. காற்றுள்ள டயரே ஒரு பருவம் முழுதும் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் பக்கவாட்டில் வெடிக்கத் தலைப்படும். காற்றிறங்கிய டயரானால் கேட்க வேண்டியதே இல்லை. பிற்பாடு சக்கரங்களையே கழற்றிக் கிட்டங்கிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். சக்கரமில்லாத வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிற திருடன் இன்னும் பிறக்கவில்லை. சக்கரம் கழன்ற அச்சு முனைகளில் மசகு தடவி, சாக்குத்துணி சுற்றிக் கட்டினோம்.

படகின் முன்பக்கத்தைக் கடலோர ஜனங்கள் அணியம் என்பார்கள். அந்த அணியம் சற்று உயர்ந்தும் பின்பக்கம் தாழ்ந்தும் இருக்கும்படி கட்டைகளைச் சரிசெய்தேன். பின்பக்க அடியில் இருக்கும் சிறு துவாரத்தின் அடைப்பானைத் திருகி எடுத்துவிட்டேன். தண்ணீரில் மிதக்கிற பொருளின் அடியில் துவாரத்தைத் திறந்து வைப்பதைக் கண்டு கிட்டங்கிக் காவற்காரர் பதறினார்.

“அண்ணாச்சி, இது தரையில் நிற்கும்வரை படகு இல்லை, தொட்டி” என்று அவருக்கு விளக்கினேன்.

பதினெட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள தொட்டியில் மழைநீர் பத்து சென்டிமீட்டர் தேங்கினால் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர். அதாவது ஒரு டன். படகின் சொந்த எடையே அவ்வளவு இராது. கூரைக்கு வெளியே நிற்கும் படகுகள் உடைவது அலையினால் அல்ல, வயிற்றுக்குள் தேங்கிய இந்த மழையினாலேயே என்று டிரைவரும் ஒப்புக்கொண்டார்.

தார்ப்பாய் மூடும்போது தேர்க்கொட்டகை ஞாபகம் வந்தது. நடுவே நீளவாக்கில் மூங்கில் முகடு கட்டி, இருபுறமும் கூரைபோல் சரியவிட்டு, படகின் விளிம்புக்கும் பாய்க்கும் இடையே கை நுழையும் இடைவெளி விட்டேன். பாயைப் படகின்மேல் நேரே விரித்துக் கட்டினால், நடுவில் பள்ளம் விழுந்து நீர் தேங்கும். காற்றில் படபடத்து ஃபைபரின் மெருகையும் அரைத்துவிடும். கட்டுகிற கயிற்றிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நூற்கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். நைலான் நனைந்தால் சற்று இளகும். மழைக்காலத்தில் எந்தக் கயிறாயினும் வாரத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்தாக வேண்டும். வடம் பார்த்துப் பழகிய கைக்கு இது புதிதன்று.

எஞ்சினைப் பற்றித்தான் பெரிய விவாதம் நடந்தது. திருடன் படகுக்கு வருவதில்லை. படகின் பின்னால் தொங்குகிற எஞ்சினுக்குத்தான் வருவான். அதைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டுமென்பதில் டிரைவர், வியாபாரி, நான் மூவரும் ஏகமனதாக இருந்தோம். ஆனால் அது பஞ்சுக் கிட்டங்கி. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸை நிறுவிய காலத்திலிருந்து இவ்வூரில் தொழில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தீயைப் பற்றிய பயம் தாய்ப்பாலோடு வந்தது. பஞ்சுத் தூசி படிந்த இடத்தில் பெட்ரோல் வாடை வீசவே கூடாது. ஆகவே எண்ணெய்த் தொட்டியை வெளியிலேயே முழுக்க வடித்து, குழாயில் மிஞ்சியதையும் எஞ்சினை ஓடவிட்டுத் தீர்த்து, பாட்டரியைக் கழற்றி, எஞ்சினைக் கிட்டங்கியில் வைக்காமல் ஆபீஸ் அறையில் ஒரு மரச்சட்டத்தின்மேல் நிமிர்த்தி நிறுத்தினோம். பாட்டரியை என் வீட்டுக்கே எடுத்துப்போய் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி வைத்தேன்.

பிறகு ஜாபிதா எழுதினேன். துடுப்பு, நங்கூரம், நங்கூரக் கயிறு, மிதவைச் சட்டைகள், சக்கரங்கள், டிரெய்லர் கொக்கியின் சாவி என்று ஒன்றுவிடாமல் பதிந்து, டிரைவர், வியாபாரி, நான் மூவரும் கையெழுத்திட்டோம். இதில் வியாபாரிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். “நம்ம இடத்துல வைக்கிறதுக்கு நாமே கையெழுத்துப் போடணுமா, ஆசாரி?” என்றார். சொந்தக்காரன் தூரத்தில் இருக்கிற பொருளுக்கு, காப்பவனுக்கே எழுத்து அதிக அவசியம். சொந்தக்காரன் பக்கத்தில் இருந்தால் குறையைத் தினமும் கண்டு தினமும் சண்டை போடுவான்; தூரத்தில் இருக்கிறவன் எல்லாச் சண்டையையும் சேர்த்துவைத்து ஒரே நாளில் போடுவான்.

காவலுக்கென்று வியாபாரி தம் வீட்டு இராஜபாளையம் நாயைக் கொண்டுவந்து படகருகே கட்டினார். 2005-இல் இந்தியத் தபால் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நாலில் ஒன்றாக இடம்பெற்ற இனம். வெள்ளை வெளேரென்று, கம்பீரமான தோற்றம். ஆனால் இவ்வினத்தில் பிறவிச் செவிடு சகஜம். இந்த நாயும் அப்படித்தான். எடைமேடையில் லாரி ஹாரன் அடித்தாலும் அது தலை தூக்காது. பார்த்தவர்கள் பயந்தார்கள் என்பது வாஸ்தவம்; அதனால் அதன் சம்பளத்தை நான் குறை சொல்லவில்லை. என் நம்பிக்கையெல்லாம் எடைமேடைக் குமாஸ்தாவின்மேல்தான். தினம் ஒருமுறை படகைச் சுற்றி வரும் பொறுப்பை அவர் ஒருவருக்கே கொடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்கிற பொருளை ஒருவரும் பார்த்துக்கொள்வதில்லை. கோயிலிலும் இதுவே அநுபவம்.

அவ்வருஷம் மழை நன்றாகப் பெய்தது. கல் பதித்த நாலு இடங்களும் அசையவில்லை. அவற்றைச் சுற்றியிருந்த கரிசல் உப்பி மேலெழுந்து, கற்கள் குழிக்குள் அமர்ந்தாற்போல் தோன்றின. பாய்க்கு அடியில் குளவி கூடு கட்டியது. ஓர் எலி இருக்கையின் பஞ்சைக் கொறித்தது. பின்பக்கத் துவாரத்தில் வேப்பிலைகள் அடைத்துக்கொண்டதைக் குமாஸ்தா கண்டுபிடித்து, குச்சியால் குத்தித் திறந்தார். அந்த ஒரு காரியத்துக்காக மட்டும் படகின் முதலாளி அவருக்கு என்ன கொடுத்திருந்தாலும் தகும். பிறகு துவாரத்தின்மேல் கம்பி வலை ஒன்றை வைத்துக் கட்டினேன்.

இதே மாதங்களில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்துத் தெப்பத்துக்கான சாமான்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். தெப்பம் படகுக்கு மூத்த சகோதரி என்றாலும் அதைக் காக்கும் விதம் வேறு. அது முழு உருவில் நிற்பதில்லை; திருநாள் முடிந்ததும் பீப்பாய், மூங்கில், பலகை என்று கலைந்துவிடுகிறது. பீப்பாய்களை நீர் வடித்து, வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நிழலில் அடுக்கினால் போதும். குளம் வறண்ட வருஷங்களில் நீரின்றியே நிலைத்தெப்பம் நடத்தும் வழக்கம் பல ஊர்களிலும் உண்டு. அப்போது மிதக்க வேண்டியது தரையில் நிற்கிறது, கட்டைகளின் தேவை மறுபடியும் வந்துவிடுகிறது. ஒவ்வொரு வருஷமும் கலைத்துக் கட்டக்கூடிய பொருளுக்கு ஆயுள் அதிகம் என்பது என் துணிபு. தேரையும் படகையும் அப்படிக் கலைக்க முடியாததனால்தான் இவ்வளவு சிரமம்.

தை மாதத்தில் அநுமதி வந்தது. அதே டிரைவர் ஜீப்போடு வந்தார். சக்கரங்களை மாட்டுமுன் பேரிங் இரண்டையும் கழுவிப் புதிய மசகு அடைத்தோம். ஒரு வருஷம் நின்ற தேரை முதன்முதலாக நகர்த்தும்போது செய்வதுபோல, கட்டைகளை ஒரே மூச்சில் எடுக்காமல், ஒவ்வொரு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பாரம் சக்கரத்துக்கு மாறுவதைக் காதால் கேட்டோம், முனகல் இல்லை. எஞ்சினை ஏற்றியாயிற்று, பாட்டரி ஏறிற்று. ஜாபிதாவை விரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது நங்கூரக் கயிறு மட்டும் காணவில்லை. வியாபாரியின் முகம் மாறியது. குமாஸ்தா உள்ளே போய், பஞ்சுப் பொதி கட்டும் கயிறுகளுக்கு இடையே சுருண்டு கிடந்த அதை எடுத்துவந்தார். கூலியாட்கள் யாரோ கயிறென்றால் கயிறுதானே என்று அங்கே சேர்த்துவிட்டார்கள்.

அடைப்பானை நான் துவாரத்தில் மாட்டவில்லை. வழியில் மழை வந்தால் நீர் வடிய வேண்டுமென்று, ஒரு சிவப்புத் துணியில் கட்டி, திருப்பும் சக்கரத்தில் தொங்கவிட்டேன். ஏரியில் இறக்குமுன் இதை மாட்டாவிட்டால் கரையிலேயே முழுகும் என்று டிரைவரிடம் இரண்டுதரம் சொன்னேன். அவரும் இரண்டுதரம் தலையசைத்தார். முதலாளி எனக்கென்று அனுப்பியிருந்த பணத்தில் கல் பலகைகளின் விலை சேரவில்லை. அதை வியாபாரியே கொடுத்துவிட்டு, கற்களைத் தமக்கு வைத்துக்கொண்டார். இப்போது அவற்றின்மேல் பழுதான லாரிகள் நிற்கின்றன.